‘லீ’ என்றால் யார், அம்மா?

உனக்குத் தொண்டை இருக்கிறதா இல்லையா என்று என்னைத் திட்டிவிட்டு, நான் முணுமுணுப்பதைக் கேட்க அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என் அம்மாவுக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. நம் சுரினாம் ஊரில் கரும்பு என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. உன் மண்வெட்டியும் உன் வைக்கோல் தொப்பியும் இப்போது என்னிடம் இருக்கின்றன. களையெடுக்கும் பெண்களின் வரிசையில் உன் இடத்தில் நான் நிற்கிறேன். அடுத்த மாதம் வெள்ளைக்காரர் போய்க் கொடி மாறப் போகிறது என்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் கொடி அசைத்து நடக்கப் பழகுகிறார்கள். அப்பா வானொலியைத் திறப்பதே இல்லை. நாடு யாருடையதானால் எனக்கென்ன என்கிறார்.

கோயில் சபை மாதம் ஒருமுறை அச்சடிக்கும் தாளில், போனவர்களுக்கு எழுதும் கடிதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். தமிழ் வகுப்பு நடத்தும் ஐயா என்னையும் எழுதச் சொன்னார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் என்ன எழுதுவேன் என்றேன். உன் அம்மாவிடம் பேசுவதுபோல் எழுது, பிழையை நான் திருத்துகிறேன் என்றார்.

மற்றவர்கள் எழுதியதைப் படித்தேன். எல்லோரும் நல்லதே எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப் போவது அப்படியில்லை. உனக்குக் கொடுத்த மருந்து ஏன் வேலை செய்யாமல் போனது என்று எனக்கு இப்போது தெரியும். அதில் என் பங்கு எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. அதைச் சொல்ல உன்னைவிட்டால் எனக்கு ஆளில்லை. நீயும் இல்லை.

மார்பில் கட்டி இருப்பதை ஒரு வருடம் மறைத்தாய். குளிக்கும்போது முதுகு தேய்க்க வந்த என்னிடம்தான் முதலில் காட்டினாய். அதற்குள் அது ஒரு லெச்சிப் பழம் அளவுக்கு வந்து, அக்குளிலும் இன்னொன்று முளைத்திருந்தது. அப்பாவுக்கு ஆலையில் அரைவைக் காலம், ஒருநாள் கூட விடுப்புக் கிடையாது. எனக்குப் பதினைந்து வயது, மருந்துப் புட்டியில் இருக்கும் ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிப்பேன். அதனால் நானே உன்னோடு வந்தேன். கியூர்பிப்பில் மழையில் நின்று பஸ் மாறி, மேட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போவோம். நீ முந்தானையை என் தலையிலும் சேர்த்துப் போடுவாய்.

இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த அந்த இளம் டாக்டரை உனக்கு நினைவிருக்கும். பெயர் நம்மவர் பெயர்தான், தமிழ் ஒரு சொல் தெரியாது. கட்டி உள்ளே ஒட்டிக்கொண்டதால் இப்போது அறுக்க முடியாது, புது மருந்து ஒன்று இருக்கிறது, அதனால் சுருங்கினால் பிறகு பார்க்கலாம் என்றார். ஆஸ்பத்திரியில் ஊசி, வீட்டில் தினம் மாத்திரை.

சுருங்கியது, அம்மா. அதை நான் எப்படி மறப்பேன்? மூன்றாவது மாதம் அக்குள் கட்டியைத் தடவித் தேடவேண்டியிருந்தது. முடி கொத்துக் கொத்தாக வந்தபோது, “நல்லதாப் போச்சு, இனிமே எனக்குப் பேன் பார்க்கிற வேலை உனக்கு இல்லை” என்றாய். அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். நீயும் நானும் சிரித்தோம். மாத்திரை விழுங்கிய அரை மணியில் வாந்தி எடுப்பாய், வாயைக் கொப்பளித்துவிட்டு, சுருங்குதில்ல, வரட்டும் என்பாய்.

ஆறாம் மாதம் டாக்டர் உன்னைத் தொட்டுப் பார்த்து, நாடா வைத்து அளந்து, காகிதத்தில் எழுதினார். நீ ரவிக்கை மாட்டிக்கொண்டிருந்தாய். அவர் தாழ்வாரத்துக்கு வந்து, தீவில் எல்லோரும் பேசும் கிரியோலில் என்னிடம் சொன்னார். “லீ ஃபின் அபித்தியே.” மருந்துக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். வேறு மருந்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், கப்பலில் வரவேண்டும், அதுவரை இதையே விடாமல் கொடு என்று இன்னும் ஏதேதோ சொன்னார். அங்கே இரண்டு நர்சுகள் நின்றார்கள். தரை துடைக்கிற ஆள் வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையை ஆட்டினேன். எனக்கு எப்போதும் அது ஒன்றுதானே தெரியும்.

உன் கட்டிலுக்கு வந்தபோது, என்னடி சொன்னார் என்று கேட்டாய். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட நேரத்தில் நாம் தமிழில்தானே பேசிக்கொள்வோம்? வீட்டுச் சண்டை, பெண்களின் உடம்பு, அடுத்தவரைப் பற்றிய பேச்சு எல்லாம் தமிழில். மற்றதெல்லாம் கிரியோலில். அதனால் டாக்டர் சொன்னதை அங்கேயே தமிழாக்கினேன்.

“உன் உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சாம்மா.”

கிரியோலில் ‘லீ’ என்றால் அவன். ‘லீ’ என்றால் அவள். ‘லீ’ என்றால் அது. எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். தமிழில் சொல்லவேண்டுமென்றால் யார் என்று முடிவுசெய்தாக வேண்டும். நான் முடிவுசெய்தேன். டாக்டரைத் திரும்பிப் போய்க் கேட்கவில்லை. அவர் பத்தடி தூரத்தில்தான் நின்றார்.

உடம்புதான் பழகிவிட்டது என்று நினைத்ததால் மற்றதும் வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நானே யோசித்துச் சொன்னேன். காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்துவிட்டு முதல் நாள் கருவாட்டுக் குழம்பு வைத்தால், நாக்கு அதைப் புதிதாகப் பார்க்கிறதல்லவா? அதுபோல மாத்திரையைப் பத்து நாள் நிறுத்தினால் உடம்பு மறந்துவிடும். பிறகு கொடுத்தால் முதல் மாதம்போலக் கேட்கும். நான் உன்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“மாத்திரைக்கு விரதமா?” என்று கேட்டுச் சிரித்தாய். பிறகு, “உனக்கு மூளை இருக்குடி. அப்பாகிட்டச் சொல்லாதே, பயப்படுவார்” என்றாய்.

மாத்திரைப் புட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். முதல் மூன்று நாள் வாந்தி குறைந்தது. நான்காம் நாள் கருவாடு கேட்டாய். ஆறாம் நாள் அத்தை வீடு வரை நடந்துபோய், அவளிடம் உடம்பு மறக்கிற கதையைச் சொல்லி, என் மகள் கண்டுபிடித்தது என்று பெருமைப்பட்டாய். பத்து நாள் பதினெட்டு நாள் ஆனது. இன்னும் இரண்டு நாள், இன்னும் இரண்டு நாள் என்று நீ கேட்டாய், நான் கொடுத்தேன். அந்தப் பதினெட்டு நாளும் நீ சாப்பிட்டாய், தூங்கினாய், என்னோடு வம்பளந்தாய். உன்னோடு நான் கடைசியாகச் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை. அவற்றை நினைக்கவே கூடாது என்று இருப்பேன். வேறு எந்த நாட்களை நினைப்பேன், சொல்?

பத்தொன்பதாம் நாள் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தோம். வாந்தி முதல் மாதம்போலவே வந்தது. உடம்பு மறந்துவிட்டது, இனி கேட்கும் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

கட்டி கேட்கவில்லை. கழுத்தில் ஒன்று வந்தது. மூச்சு வாங்கியது. அடுத்த தடவை டாக்டர் கிரியோலில் நேராக உன்னையே கேட்டார், மாத்திரை ஒருநாள் விடாமல் சாப்பிட்டாயா என்று. நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு நொடி.

“ஒரு நாளும் விடலை, டாக்டர்” என்றாய்.

அந்தப் பொய்யை ஏன் சொன்னாய், அம்மா? அவர் என்னைத் திட்டுவார் என்றா? திட்டியிருக்கட்டுமே. நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? நீ சொன்னதை அவர் நம்பி எழுதிக்கொண்டார். வேறு மருந்து வந்து சேர்ந்தபோது உனக்கு ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை.

மீந்த மாத்திரையை என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று மாதம் வைத்திருந்தேன். எறிய மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. போன மாதம் ஒரு திங்கட்கிழமை, களைக்குப் போகாமல், தனியாகப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் புட்டியை வாங்கி எண்ணிப் பார்க்காமல் மேசையில் வைத்தார். உட்கார் என்றார். நான் உட்காரவில்லை. உடம்பு ஏன் மருந்துக்குப் பழகுகிறது என்று கிரியோலில் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் ஒரு டாக்டரைக் கேட்ட முதல் கேள்வி அது.

“உடம்பா?” என்றார். “உடம்பு எங்கே பழகுச்சு? உங்க அம்மா கடைசி வரைக்கும் வாந்தி எடுத்தாங்களே. பழகினது கட்டி.”

அம்மா, நான் உன் வாந்திச் சட்டியைத் தினமும் கழுவியவள். உடம்பு பழகவில்லை என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

அவர் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே நிறையப் புள்ளி வைத்துக் காட்டினார். நாம் அதை ஒரு கல்போல நினைத்திருந்தோம். அது ஒன்று இல்லையாம். கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள் கோடிக்கணக்கில் சேர்ந்த கூட்டமாம். எல்லாம் உன்னிடம் பிறந்தவை, அடங்காமல் பெருகுபவை. பெருகப் பெருக ஒன்றுக்கொன்று கொஞ்சம் கொஞ்சம் மாறிக்கொண்டே போகுமாம். மருந்து வருவதற்கு முன்பே அந்தக் கூட்டத்தில் சில, அந்த மருந்தைத் தாங்கக்கூடியவையாகப் பிறந்திருக்கும். மருந்து வரும்போது தாங்காதவை எல்லாம் சாகும். கட்டி சுருங்கும். நாம் சிரிப்போம். தாங்கியவை சில நூறோ ஆயிரமோ மிஞ்சியிருக்கும். பிறகு வளர்வதெல்லாம் அவற்றின் பிள்ளைகள். இரண்டாவது தடவை வந்த கட்டி, முதல் கட்டி இல்லை. அதன்மேல் அதே மருந்தை எத்தனை ஊற்றினாலும் அது சட்டை செய்யாது.

இன்னொன்றும் சொன்னார். மருந்து இரத்தத்தோடுதான் போகவேண்டும். இரத்தத்திலேயே வருகிற நோயென்றால் மருந்து அதை நேராகச் சந்திக்கும். இது கெட்டியான கட்டி. அவசரமாக வளர்ந்ததால் அதன் நடுவுக்கு இரத்தக் குழாய் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஓரத்தில் இருப்பவை மருந்தைக் குடிக்கும். நடுவில் இருப்பவை பட்டினியாகச் சும்மா கிடக்கும். இந்த மருந்தோ பெருகுகிறவற்றைத்தான் பிடித்துக் கொல்லும், அதனால்தான் வளர்கிற முடியையும் பிடித்தது. சும்மா கிடப்பவற்றை அது கண்டுகொள்ளாமல் போய்விடும். ஓரம் செத்து வழி கிடைத்ததும் அவை எழுந்துகொள்ளும். இதற்கு மேலும் காரணம் இருக்கும், எங்களுக்கே இன்னும் முழுதாகத் தெரியாது என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நம் வயல்தான் கண்ணில் வந்தது. கரும்புக்கு முதுகுப் பம்பில் களைமருந்து அடிக்க ஆரம்பித்தார்களே, நீ கூடச் சொன்னாய், இனி நமக்கு வேலை இருக்காது என்று. அகல இலைக் களை எல்லாம் ஒரு வாரத்தில் கருகியது. கோரை சாகவில்லை. கிழங்கு மண்ணுக்குள் அல்லவா இருக்கிறது? போட்டிக்கு ஆளில்லாமல் போனதும் வயல் முழுக்கக் கோரையே வந்தது. இன்று காலை நான் கொத்தியதும் அதைத்தான். எந்தப் புல்லும் மருந்துக்குப் பழகவில்லை. சாகாதது மிஞ்சியது, அவ்வளவுதான். வருடக்கணக்காக உன் காலடியில் கிடந்த விஷயம் இது. அன்று பஸ்ஸில் இதை யோசிக்க எனக்கு ஏன் தோன்றவில்லை? விரதம் ஏன் தோன்றியது?

பிறகு டாக்டரிடம் பதினெட்டு நாளைச் சொன்னேன். அரிசிப் பானையைச் சொன்னேன். ‘லீ’யைச் சொன்னேன். அவர் உன் காகிதக் கட்டைத் தேடி எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார். தாழ்வாரத்தில் என்னிடம் பேசிய அன்றே கட்டி மறுபடி வளர்ந்திருந்ததைக் காட்டினார். அவர் எழுதிய எண் அங்கே இருந்தது.

“அந்தப் பதினெட்டு நாளாலதான்னு என்னால சொல்ல முடியாது” என்றார். பேனாவை மூடித் திறந்தார். “அது ஒண்ணுமே பண்ணலைன்னும் சொல்ல முடியாது. அன்னைக்கு என்னை ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?”

தரை துடைக்கிற ஆள் பார்த்தான், அதனால் கேட்கவில்லை என்றா சொல்வேன்? அவர் தன்மேலும் தப்பு என்றார், புரிந்ததா என்று அவர் கேட்டிருக்க வேண்டுமாம். அது எனக்கு ஆறுதலாக இல்லை. பதினெட்டு நாள் உனக்கு ஒரு மாதத்தைத் தந்ததா, ஒரு வருடத்தை எடுத்ததா, இல்லை எதுவுமே இல்லையா? யாருக்கும் தெரியாது. இனிமேலும் தெரியாது. தெரிந்தால் அழலாம். இது அழுவதற்கும் வழியில்லாமல் இருக்கிறது.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன வியாழக்கிழமை ஒன்று நடந்தது.

நிழலில் உட்கார்ந்து ரொட்டி பிரித்தபோது, அத்தை என் கையைப் பிடித்து இழுத்து, ரவிக்கைக்கு மேல் தன் மார்பில் வைத்தாள். உள்ளே புளியங்கொட்டை அளவில் ஒன்று விரலுக்கு நழுவி ஓடியது. அப்பாவின் ஒரே தங்கை, நீ போன பிறகு எங்களுக்குச் சோறு கொண்டுவந்து வைத்தவள். எத்தனை நாளாக என்று கேட்டேன். தீபாவளிக்கு முன்னாலிருந்து என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவள் சிரித்தாள். “எதுக்கு? உங்க அம்மா கடைசி நாள் வரைக்கும் முழுங்கினா, முடி போச்சு, சோறு போச்சு, ஆளும் போயிட்டா. மருந்துக்கு உடம்பு பழகிடும்னு நீதானேடி சொன்ன?”

நான்தான் சொன்னேன். நம் வரிசையில் இருக்கும் எல்லாப் பெண்களும் இப்போது அதைத்தான் சொல்கிறார்கள், யார் சொன்னது என்றே தெரியாமல். அப்பாவும் அதையே வேறு மாதிரி சொல்கிறார். “வாந்தி எடுக்க எடுக்க அந்த விஷத்தை நான்தான் அவளை முழுங்கச் சொன்னேன்” என்று, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

“அத்தை, அம்மா விடாம முழுங்கலை” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “விரதம் பத்து நாளோட முடியலை. பதினெட்டு நாள் போச்சு. உடம்பு பழகும்னு நான் சொன்னதே தப்பு.” அவள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அதற்குள் மேஸ்திரி கூப்பிட்டுவிட்டார். மாலைவரை அவள் என் பக்கத்து வரிசைக்கு வரவில்லை.

டாக்டர் சொன்னதில் ஒன்று மட்டும் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சிறியதாக இருக்கும்போது அதற்குள் விதம்விதமாக இருப்பவை குறைவு. நடுவரை இரத்தமும் போகும். ஒட்டாமல் ஓடுகிறதென்றால் கத்தியாலேயே எடுத்துவிடவும் முடியும். அத்தைக்கு அது ஓடியது, அம்மா. என் விரலுக்குக் கீழே ஓடியது.

நல்லதாகத்தான் முடியும் என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். அத்தைக்கும் முதலில் சுருங்கி, பிறகு வரலாம். அவள் முடியையும் நான் வாரி எடுக்கவேண்டி வரலாம். எனக்குள் நம்பிக்கை என்று எதுவும் மிச்சமில்லை. அது இல்லாமலும் பஸ் ஏறலாம் என்று மட்டும் தெரிகிறது.

அப்பாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் தாள் வந்த அன்றே கோயிலில் யாராவது அவருக்குப் படித்துச் சொல்வார்கள். அடுத்தவர் வாயால் அவர் கேட்கக்கூடாது.

அதனால் உனக்கு வாக்குத் தருகிறேன். இதை ஐயாவிடம் கொடுப்பதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா காப்பி குடித்து முடித்ததும் அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்வேன். நீ டாக்டரிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து. நீங்கள் விழுங்கச் சொன்னதால் அம்மா சாகவில்லை என்று அவரிடம் சொல்வேன். அவர் அடித்தால் நிற்பேன். பேசாமல் இருந்தாலும் நிற்பேன், அதுதான் கஷ்டமாக இருக்கும். பிறகு அத்தை வீட்டுக்குப் போய் மீதியைச் சொல்வேன். திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றால், செவ்வாய்க்கிழமையும் அவள் வாசலில் போய் நிற்பேன்.

உன் வாயாக இருக்கவேண்டிய இடத்தில் தப்பாகப் பேசிய, உன் வயிற்றில் பிறந்தவள்,
வசந்தா